நாலு நிமிடத்துக்கு அறுபத்தேழு வெள்ளியா?

சிங்கப்பூர் மருத்துவக் கட்டணம் பற்றிய வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

கேள்வி: இருமலும் லேசான காய்ச்சலும் இருந்ததால் புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக்குக்குப் போனேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். மருத்துவர் பார்த்தது நாலே நிமிடம். ரசீதில் ஆலோசனை 32 வெள்ளி, மருந்து 30 வெள்ளி, வரியோடு மொத்தம் 67 வெள்ளி 58 காசு. இது நியாயமா?
– வாசகி, யீஷூன்

பதில்: அந்த நாலு நிமிடத்துக்கு நீங்கள் கொடுத்தது 67 அல்ல, 32 வெள்ளி. மீதிப் பணம் வேறு இரண்டு இடங்களுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த 32. பதிவு மேசையில் ஒருவர், மருந்து எடுத்துக் கொடுக்க ஒருவர், உரிமம், மருத்துவரின் தொழில்முறைக் காப்புறுதி, இவை எல்லாவற்றையும் விழுங்கிவிடும் வாடகை. 2025இல் தெம்பனிசில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கிளினிக் இடம் மாதம் 52,188 வெள்ளிக்குப் போனது. மாதத்தில் 26 நாள் திறந்திருந்தால் நாளொன்றுக்கு வாடகை மட்டும் 2,007 வெள்ளி. உங்களைப் போல் 32 வெள்ளி கட்டும் நோயாளிகள் 63 பேர் வந்தால்தான் அந்த நாளின் வாடகை தேறும். அதற்குப் பிறகுதான் ஊழியர் சம்பளம். எல்லாக் கிளினிக்கும் இவ்வளவு கட்டுவதில்லை, அது உச்சம். ஆனாலும் மருத்துவர் ஏன் நாலு நிமிடத்தில் அடுத்த எண்ணை அழைக்கிறார் என்பதற்கு இந்தக் கணக்கில் பாதி விடை இருக்கிறது. வாடகையை மட்டும் பார்த்து இடம் கொடுக்காமல், என்ன சேவை தரப்போகிறார்கள் என்பதையும் எடைபோடும் ஏலமுறையைப் புதிய வீவக இடங்களுக்கு அரசாங்கம் கொண்டுவந்திருக்கிறது. அது பரவலானால் கட்டணத்தில் தெரியும்.

நிமிடக் கணக்கைவிட அந்த நிமிடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டு, தொண்டையைப் பார்த்து, முன்பக்கமும் முதுகுப்பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று விசாரித்திருந்தால், சாதாரண இருமலுக்கு அது போதும். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லையென்றால் பத்து நிமிடம் பேசியிருந்தாலும் குறைதான்.

அடுத்து மருந்துக்கான 30 வெள்ளி. எங்களுக்கு உறுத்துவது இதுதான். சிங்கப்பூரில் பெரும்பாலான தனியார் கிளினிக்குகள் மருந்தைத் தாங்களே விற்கின்றன. அக்கம்பக்கத்துக் கிளினிக்கோடு மக்கள் ஒப்பிடுவது ஆலோசனைக் கட்டணத்தை. அதனால் அதை அடக்கி வைத்துவிட்டு, ஒப்பிட முடியாத மருந்து விலையில் ஈடுகட்டும் பழக்கம் வெகுகாலமாக இருக்கிறது. மருத்துவரின் உழைப்புக்கு 45 வெள்ளி என்று நேராகக் கேட்டு, மருந்தை அடக்க விலையை ஒட்டிக் கொடுத்தால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம். பாராசிட்டமால் பட்டையில் மருத்துவரின் சம்பளத்தை ஒளித்துவைப்பதால்தான் கடை விலை தெரிந்தவர்களுக்குக் கோபம் வருகிறது.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதை மருத்துவர் அறையிலேயே செய்ய வேண்டும். அவர் கணினியில் தட்டும்போது, "டாக்டர், பாராசிட்டமாலும் சளி மாத்திரையும் வீட்டில் இருக்கிறது, அதை எழுத வேண்டாம்" என்று சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் சொன்னால் சரிபார்த்துவிட்டு நீக்கிவிடுவார். பையில் போட்டுப் பெயர் ஒட்டிய பிறகு மேசையில் போய்ச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். கிளினிக்கை விட்டு வெளியே போய்விட்ட மருந்தை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள், வாங்கவும் கூடாது. அது வெயிலில் இருந்ததா, காரில் கிடந்ததா என்று யாருக்குத் தெரியும்? அறிகுறிக்கான மருந்துகளை இப்படிக் குறைக்கலாம். ஆன்டிபயாட்டிக் எழுதினால் அதில் பாதி மட்டும் போதும் என்று பேரம் பேசாதீர்கள்.

மாதாமாதம் சாப்பிடும் மருந்தானால் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே மருந்துக் கடையில் விலை கேட்கலாம். சீட்டெழுதச் சில கிளினிக்குகள் தனிக் கட்டணம் வாங்கும். மூன்று நாள் இருமலுக்கு அது கட்டுப்படியாகாது. மூன்று மாத ரத்த அழுத்த மாத்திரைக்குக் கட்டுப்படியாகும்.

மீதி 5 வெள்ளி 58 காசு, 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடாக இருக்கும் பொருள் சேவை வரி. ஆண்டு வருமானம் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கிளினிக் இதற்குப் பதிந்துகொள்ளத் தேவையில்லை. அடுத்த தெருக் கிளினிக்கில் வரி இல்லாமல் இருப்பது அதனால்தான், ஏமாற்று வேலை அல்ல.

கேள்வி: திருச்சியில் 300 ரூபாய்க்கு எம்.டி. படித்த மருத்துவரே பார்க்கிறார். இங்கே மட்டும் ஏன் இவ்வளவு?
– வாசகர், செங்காங்

பதில்: அங்கே அந்த 300 ரூபாய் ஆலோசனைக்கு மட்டும். சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து மருந்துக் கடையில் ஒரு தொகை, ரத்தப் பரிசோதனைக்கு லேபில் ஒரு தொகை என்று தனித்தனியாகக் கட்டுவதால் மொத்தம் கண்ணில் படுவதில்லை. இங்கே எல்லாம் ஒரே ரசீதில் வந்து பயமுறுத்துகிறது. அதைக் கழித்துப் பார்த்தாலும் இங்கே விலை அதிகம்தான். வாடகையும் சம்பளமும் சிங்கப்பூர் வாடகையும் சம்பளமும் ஆயிற்றே. ஒப்பிடுவதானால் இங்குள்ள அரசாங்கப் பலதுறை மருந்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மாவும் அதே கிளினிக்குக்குத்தான் போகிறார். அவருக்கு மட்டும் பாதி விலை.
– வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: அவரிடம் சாஸ் எனும் மருத்துவ மானியத் திட்டத்தின் நீல அட்டை இருக்கும், அல்லது அவர் மூத்தவர்களுக்கான சலுகை பெறும் முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையைச் சேர்ந்தவராக இருப்பார். சாதாரண நோய்களுக்கு ஒரு வருகைக்கு நீல அட்டைக்கு 18.50 வெள்ளி வரை, ஆரஞ்சுக்கு 10 வெள்ளி வரை, மெர்டேக்காவுக்கு 23.50 வரை, முன்னோடிக்கு 28.50 வரை கழியும். பச்சை அட்டைக்குச் சளி, இருமலுக்கு ஒன்றும் கிடையாது. நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்ற நாட்பட்ட நோய்க்குத்தான் அது உதவும்.

அட்டையின் நிறத்தைத் தீர்மானிப்பது உங்கள் சம்பளமல்ல. ஒரே முகவரியில் இருக்கும் குடும்பத்தின் மொத்த வருமானத்தைத் தலைக்கு வகுத்து வரும் தொகை. மகன் திருமணமாகி வேறு வீட்டுக்குப் போயும் அடையாள அட்டையில் முகவரி மாற்றாமல் இருந்தால் அவன் சம்பளமும் உங்கள் கணக்கில் சேர்ந்து நிறம் மாறிவிடும். அடிக்கடி நடக்கும் தவறு இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மானியம் கழிப்பதற்கு முன் என்ன விலை, கழித்தது எவ்வளவு என்று ரசீதில் இரண்டும் தெரிய வேண்டும். அட்டையைக் காட்டிய பிறகு மானியம் கழிப்பதற்கு முந்திய விலையையே ஏற்றிப்போட்டால் மானியம் உங்களுக்கு வரவில்லை, கிளினிக்குக்குப் போயிருக்கிறது. அந்த மாதிரி ரசீதைச் சுகாதார அமைச்சுக்கு அனுப்பலாம்.

நாட்பட்ட நோய் உள்ளவர்கள் ஹெல்தியர் எஸ்ஜி என்னும் அரசாங்கத் திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டால், பட்டியலிலுள்ள மருந்துகள் பலதுறை மருந்தகத்தை ஒட்டிய விலையில் கிடைக்கும். முதல் ஆலோசனைக்கும் கட்டணம் இல்லை. பதிந்த பிறகு ஊர் சுற்றாமல் அதே கிளினிக்குக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: நிறுவன அட்டையைக் காட்டினால் நான் ஒரு காசும் கட்டுவதில்லை. ஆனால் மருந்து மூன்று நாளைக்கு மேல் தருவதில்லை. மட்டமாக நடத்துகிறார்களோ?
– வாசகர், காக்கி புக்கிட்

பதில்: உங்கள் நிறுவனத்துக்கும் கிளினிக்குக்கும் நடுவே பெரும்பாலும் ஓர் இடைத்தரகு நிறுவனம் இருக்கும். ஒரு வருகைக்கு ஆலோசனையும் மருந்தும் சேர்த்து இவ்வளவுதான் என்று அது உச்சவரம்பு வைத்துவிடும். வரம்பு தாண்டினால் கிளினிக்கே ஏற்க வேண்டும், அல்லது உங்களிடம் கேட்க வேண்டும். மூன்று நாளைக்கு மேல் மருந்து தராததற்கு அந்த வரம்புதான் காரணம். முன்பெல்லாம் இந்த இடைத்தரகர்கள் பில் தொகையில் இத்தனை விழுக்காடு என்று மருத்துவரிடமே கழித்துக்கொண்டார்கள். பில் பெரிதானால் தரகும் பெரிதாகும். அது நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கூலி வாங்குவது போலாகிவிடும் என்பதால், 2017 ஜூலை முதல் அப்படிக் கொடுக்கக்கூடாது என்று சிங்கப்பூர் மருத்துவ மன்றம் மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டது. செய்த நிர்வாக வேலைக்கு நிலையான கட்டணம் மட்டும் தரலாம்.

மருந்து போதாதென்றால் அறையிலேயே கேளுங்கள். மேலதிக நாட்களுக்குக் கையிலிருந்து கட்டுகிறேன் என்றால் மறுக்கமாட்டார்கள்.

கேள்வி: டாக்சிக்கு மீட்டர் இருக்கிறது. மருத்துவருக்கு மட்டும் அரசாங்கம் ஒரு விலை நிர்ணயித்தால் என்ன? எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: ஒரு காலத்தில் மீட்டர் போல் ஒன்று இருந்தது. சிங்கப்பூர் மருத்துவச் சங்கம் 1987இல் கட்டண வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இன்ன சிகிச்சைக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று அதில் இருக்கும். போட்டித்தன்மைச் சட்டம் வந்த பிறகு, ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி விலை பேசுவதாக அது பார்க்கப்படுமே என்ற அச்சத்தில் 2007 ஏப்ரலில் சங்கமே அதை விலக்கிக்கொண்டது. அப்படிப்பட்ட வழிகாட்டி சட்டத்துக்கு ஒத்துவராது என்று போட்டித்தன்மை ஆணையமும் 2010இல் சொல்லிவிட்டது. ஏமாறாமலிருக்க நோயாளி பிடித்துக்கொண்டிருந்த கைப்பிடியை, நோயாளியைக் காக்கவென்று வந்த சட்டமே கழற்றிவிட்டது. விசித்திரம்தான்.

அடுத்த பதினோரு ஆண்டுகள் அந்த இடம் காலியாகக் கிடந்தது. 2018 நவம்பரில் சுகாதார அமைச்சு தானே ஒரு குழு வைத்து, 222 பொதுவான சிகிச்சைகளுக்குத் தனியார் அறுவை மருத்துவர் கட்டண அளவுகோலை வெளியிட்டது. மயக்க மருத்துவர் கட்டணமும் மருத்துவமனைக் கட்டணமும் பின்னர் சேர்ந்தன. அமைச்சின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். அது உச்சவரம்பு அல்ல, பெரும்பாலோருக்குப் பொருந்தும் வீச்சு. சிக்கலான நோயாளி என்றால் மருத்துவர் மேலே போகலாம். ஆனால் ஏன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாமா என்பதற்கு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. அறுவை மருத்துவர் சூசன் லிம், புருணை அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நோயாளிக்கு 2007இல் ஏறக்குறைய அரை ஆண்டுச் சிகிச்சைக்கு 24 மில்லியன் வெள்ளிக்கு மேல் பில் அனுப்பினார். நோயாளி பணக்காரர், அவர் தரப்பு ஒப்புக்கொண்டுதான் சிகிச்சை நடந்தது என்ற வாதம் நிற்கவில்லை. ஒப்பந்தம் என்ன சொன்னாலும், சந்தை என்ன தாங்கினாலும், நியாயமான கட்டணம் வாங்கும் கடமை மருத்துவருக்குத் தனியாக உண்டு என்று 2013இல் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மூன்றாண்டு தொழில் செய்யத் தடையும் 10,000 வெள்ளி அபராதமும் உறுதியாயின. முதல் கேள்வியில் பார்த்த 67 வெள்ளிக்கு யாரும் அந்த வழக்கைத் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. ஆனால் "இஷ்டமிருந்தால் வாருங்கள்" என்று எந்த மருத்துவரும் சட்டப்படி கைகழுவ முடியாது.

கேள்வி: மலப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்ததால் தனியார் நிபுணரிடம் கொலொனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்துகொண்டேன். அவர் 1,200 வெள்ளி என்று சொன்னார். பில் 2,900 வந்தது. கேட்டால் "அது என் கட்டணம் மட்டும்" என்கிறார்.
– வாசகர், பிடோக்

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் அதிகம் திரும்பத் திரும்ப வந்த புகார் இது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று.

அந்த 2,900க்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று பாருங்கள். மருத்துவர் கட்டணம். சோதனை அறைக்கும் கருவிக்கும் மருத்துவமனை வாங்குவது. தூக்க ஊசியை மருத்துவரே போட்டாரா, மயக்க மருத்துவர் வந்தாரா என்பது அடுத்தது. வந்திருந்தால் அவருக்குத் தனிக் கட்டணம். கட்டி எடுக்கும் கம்பிக் கண்ணி போன்ற ஒருமுறை மட்டும் பயன்படும் பொருட்கள். முதல் நாள் குடலைக் கழுவக் குடித்த மருந்து. முன்னால் ஓர் ஆலோசனை, முடிவு சொல்லும்போது ஓர் ஆலோசனை.

பில் எதிர்பாராமல் குதிப்பது பெரும்பாலும் கட்டியால். குழாயை விட்டுப் பார்க்கும்போது சிறு கட்டி தென்பட்டால் அப்போதே எடுத்துவிடுவார்கள். அதுதான் சரியும்கூட. இன்னொரு நாள் வந்து மறுபடி குடல் கழுவி, மறுபடி மயக்கம் வாங்கி எடுப்பதைவிட அது மலிவு. ஆனால் எடுத்த நொடியில் அந்தச் சிகிச்சையின் குறியீடு மாறிவிடும். எடுத்த ஒவ்வொரு துண்டும் எந்த இடத்திலிருந்து வந்தது என்று தெரிவதற்காகத் தனித்தனிக் குப்பியில் பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். பெரும்பாலும் கட்டணம் குப்பிக் கணக்கில்தான். மூன்று கட்டி என்றால் மூன்று குப்பி.

ஆகவே அடுத்த முறை இரண்டு மதிப்பீடு கேளுங்கள்: ஒன்றும் எடுக்காவிட்டால் மொத்தம் எவ்வளவு, இரண்டு கட்டி எடுத்தால் மொத்தம் எவ்வளவு? இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "மொத்தம்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மேலே வயிற்றுக்குள்ளும் பார்க்கலாம் என்று அவர் சொன்னால், இரண்டாவதற்கு அறையும் மயக்க மருந்தும் மறுபடி கணக்கில் வருமா என்று கேளுங்கள். ஒரே தூக்கத்தில்தானே இரண்டும் நடக்கிறது.

பிறகு குறியீட்டைக் கேளுங்கள். அமைச்சின் அறுவை சிகிச்சை அட்டவணையில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் 1ஏ தொடங்கி 7சி வரை ஒரு படி உண்டு. அந்தக் குறியீடு கையில் இருந்தால் மூன்று விஷயம் தெரிந்துவிடும்: கட்டண அளவுகோலில் வீச்சு என்ன, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து அறுவைக்கு எவ்வளவு எடுக்கலாம் (1ஏவுக்கு 250 வெள்ளி, 7சிக்கு 7,550 வெள்ளி), காப்புறுதி எதன் அடிப்படையில் தரும். சிகிச்சைக்கு முன்பே குறியீட்டைச் சொல்லத் தயங்கும் மருத்துவமனை மேசை எதுவும் ஒழுங்கான மேசை அல்ல.

ஒரே அறுவையை மூன்று குறியீடாக உடைத்துப் பில் போடும் தந்திரமும் உண்டு. வயிற்றைத் திறப்பது ஒன்று, உறுப்பை எடுப்பது ஒன்று, தைப்பது ஒன்று என்பது போல. திறந்தால் தைக்கத்தானே வேண்டும்! தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் கோரிக்கைகளைச் சோதிக்கும் அமைச்சின் அலுவலகம் இதைத்தான் தேடுகிறது. தொடர்ந்து செய்யும் மருத்துவருக்கு மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் திட்டங்களின்கீழ் கோரிக்கை அனுப்பும் உரிமையே போகலாம்.

காப்புறுதி இருக்கிறதே என்று விலை கேட்காமல் இருந்தவர்களுக்கும் ஒரு சொல். முழுவதையும் காப்புறுதியே கட்டும்படி செய்யும் ரைடர்கள் (கூடுதல் சந்தா கட்டி வாங்கும் இணைப்புக் காப்புறுதி) இருந்த காலத்தில் மருத்துவரும் விலை சொல்லவில்லை, நோயாளியும் கேட்கவில்லை. சந்தா ஏறிய பிறகுதான் எல்லாரும் விழித்தார்கள். குறைந்தது 5 விழுக்காட்டையாவது நோயாளி கட்ட வேண்டும் என்று 2018இல் புதிய ரைடர்களுக்கு விதி வந்தது. 2026 ஏப்ரல் முதல் விற்கும் புதிய ரைடர்கள், முதலில் நாம் கட்ட வேண்டிய குறைந்தபட்சக் கழிவுத்தொகையை ஏற்கக்கூடாது. ஆண்டுக்கு நாம் கட்டும் பங்கின் குறைந்தபட்ச உச்சவரம்பும் 3,000 வெள்ளியிலிருந்து 6,000 ஆகிறது. மருத்துவர் உங்கள் காப்புறுதி நிறுவனப் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்து, முன்அனுமதிக் கடிதம் வாங்கிய பிறகு தேதி குறியுங்கள். கடிதத்தில் இருக்கும் குறியீடும் மருத்துவர் சொன்ன குறியீடும் ஒன்றா என்று ஒத்துப்பாருங்கள்.

கேள்வி: அம்மாவை அரசாங்க மருத்துவமனையின் நிபுணரிடம்தான் காட்டுகிறோம். ஆனாலும் பில் தனியார் போல வருகிறது. சிங்கப்பூர்க் குடிமகளுக்கு மானியம் இல்லையா?
– வாசகி, பொங்கோல்

பதில்: அரசாங்க மருத்துவமனைக்குள்ளேயே இரண்டு வரிசை உண்டு. பலதுறை மருந்தக மருத்துவரோ, சாஸ் அட்டை உள்ளவருக்குச் சாஸ் கிளினிக் மருத்துவரோ கடிதம் கொடுத்து, "எந்த மருத்துவர் என்றாலும் சரி" என்று போனால் மானிய வரிசை. அந்த வரிசையில் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் 30 முதல் 70 விழுக்காடு வரை கழியும். "இந்தப் பேராசிரியர்தான் வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேட்டால், அல்லது கடிதமில்லாமல் நேராகத் தொலைபேசியில் முன்பதிவு செய்தால், தனியார் வரிசை. அறையும் தாதியும் அதேதான். சில நேரம் மருத்துவரும் அவரேதான். பில் மட்டும் வேறு.

உங்கள் விஷயத்தில் விரைவாகப் பார்த்தால் போதும் என்று தொலைபேசியில் நேரம் வாங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறோம். தனியாரிலிருந்து மானியத்துக்கு மாறுவது நினைத்தவுடன் நடக்காது. மறுபடி பலதுறை மருந்தகக் கடிதம் வாங்கிப் புதிய வரிசையில் நிற்கலாம். பணமுடை இருந்தால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்த்து மாற்றித்தரக் கேட்கலாம். அடுத்த முன்பதிவுக்கு முன் இதைச் செய்யுங்கள். பழைய பில்லுக்குப் பின்தேதியிட்டு மானியம் தரமாட்டார்கள்.

அவசரப் பிரிவுக்கு இன்னொரு சிறு வழி. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் நேராகப் போங்கள். அவ்வளவு அவசரமில்லாத ஒன்றுக்கு, ஜிபிஃபர்ஸ்ட் திட்டத்தில் சேர்ந்த கிளினிக்கில் முதலில் காட்டி, அங்குள்ள மருத்துவரே அவசரப் பிரிவுக்கு அனுப்பினால் அங்கே கட்டணத்தில் 50 வெள்ளி குறையும்.

கேள்வி: வேலை அனுமதியில் இருக்கிறேன். விடுதிக்குப் பக்கத்தில் மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி வாங்குகிறார்கள். போன மாதம் வேலையில் கையில் வெட்டுப்பட்டதற்கு ஆன செலவு 180 வெள்ளியைச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். இரண்டும் சரியா?
– வாசகர், துவாஸ்

பதில்: முதலாவது சரி, இரண்டாவது தவறு.

உங்களுக்காக முதலாளி வாங்க வேண்டிய அடிப்படைப் பராமரிப்புத் திட்டத்தின்படி, நேரில் பார்த்தால் 5 வெள்ளி, காணொளியில் பார்த்தால் 2 வெள்ளி ஊழியர் கட்டுவது விதியிலேயே இருக்கிறது. மற்றதெல்லாம் அந்தத் திட்டத்தில் அடக்கம்.

வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு காசும் உங்களிடம் பிடிக்கக்கூடாது. வேலைக்காயச் சட்டப்படி விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை, அல்லது 53,000 வெள்ளி வரை, எது முந்துகிறதோ அதுவரை, மருத்துவச் செலவு முதலாளியுடையது. இந்த 53,000 என்பது 2025 நவம்பர் முதல் நடந்த விபத்துகளுக்கு. அதற்கு முந்தியதென்றால் 45,000. மருத்துவரிடம் "வேலை செய்யும்போது வெட்டுப்பட்டது" என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லிப் பதிய வையுங்கள். கூட வரும் சூப்பர்வைசர் "ரூமில் கத்தி பட்டுவிட்டது" என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

வேலையோடு தொடர்பில்லாத நோய்க்கும் செலவு முதலாளி பொறுப்பே. உங்கள் பங்கு கொஞ்சம் கேட்கலாம் என்றால், அது முன்பே ஒப்பந்தத்தில் நீங்கள் சம்மதித்ததாக இருக்க வேண்டும், மாதச் சம்பளத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, ஆறு மாதத்துக்கு மேல் நீளவும் கூடாது. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்கென்று 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி காப்புறுதி உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

சம்பளச் சீட்டில் அந்த 180 வெள்ளி எந்தப் பெயரில் பிடிக்கப்பட்டது என்று பாருங்கள். படம் எடுத்து வையுங்கள், மருத்துவமனை ரசீதையும் சேர்த்து. இரண்டையும் எடுத்துக்கொண்டு மனிதவள அமைச்சுக்கோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கோ போங்கள். தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பில் அநியாயம் என்று உறுதியாகத் தெரிந்தால் யாரிடம் முறையிடுவது?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பணம் திரும்ப வேண்டுமா, மருத்துவர் மீது நடவடிக்கை வேண்டுமா? இரண்டுக்கும் வழி வேறு. குழப்பிக்கொண்டு மருத்துவ மன்றத்துக்கு எழுதிவிட்டு, பணம் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் நிறைய.

பணமென்றால் முதலில் கிளினிக்கின் மேலாளருக்கு மின்னஞ்சல். வாய்ப்பேச்சு வேண்டாம். வரி வரியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள். முன்னால் கொடுத்த மதிப்பீட்டை இணையுங்கள். அளவுகோலில் அந்தக் குறியீட்டுக்கு என்ன வீச்சு என்று ஒரு வரி எழுதுங்கள். அளவுகோலைத் தாண்டியதற்குக் காரணம் கேளுங்கள். "ரொம்ப அநியாயம்" என்று எழுதினால் மன்னிப்புக் கடிதம் வரும். "இந்த வரியில் இந்தத் தொகை ஏன்" என்று எழுதினால் கணக்கு வரும், பல நேரம் கழிவும் வரும். இரண்டு முறை பதிவான ஒரே ஊசி, போடாத கட்டு, பயன்படுத்தாத பொருள் என்று தட்டச்சுப் பிழைகளே அதில் கணிசம்.

அதற்கும் மசியவில்லையென்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் முடியாது. எழுத்தில் வாங்கிய மதிப்பீடு இருந்தால் அங்கே பேச ஏதாவது இருக்கும். வாயால் சொன்னார் என்றால் அவர் சொல்லவில்லை என்பார்.

நடத்தைக் கோளாறு என்றால்தான் சிங்கப்பூர் மருத்துவ மன்றம். செய்யாத சிகிச்சைக்குப் பில், தேவையில்லாத சோதனை, மேலே சொன்ன வழக்கைப் போல வரம்பு மீறிய கட்டணம் இதில் அடங்கும். புகாரோடு சத்தியப் பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும். அதைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டுத் தர வேண்டும். சொன்னது பொய்யானால் உங்கள் மீதே வழக்கு வரும். அதனால் தெரிந்ததை மட்டும், தேதி வாரியாக எழுதுங்கள். ரசீதின் அசலைக் கொடுத்துவிடாதீர்கள். வெப்பத் தாளில் அச்சிட்ட ரசீது நாளடைவில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் பிடித்து வையுங்கள்.